நகை திரும்பிய நாளும் வழக்கு முடிந்த நாளும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வழிப்பறி வழக்குகள் நம் ஊர் நீதிமன்றங்களில் எப்படி முடிகின்றன என்று பேசச் சொன்னீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அனுபவத்தில், அவை பெரும்பாலும் தீர்ப்புக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. சங்கிலியைப் பறிகொடுத்தவருக்கு நகை கைக்கு வந்த அன்றைக்கு வழக்கு முடிந்தது. பறித்தவனுக்கு, இருந்த சிறை நாட்களே தண்டனைக்குப் போதும் என்று கணக்கு நேரான அன்றைக்கு முடிந்தது. காவல் நிலையத்துக்குக் குற்றப்பத்திரிகை கோர்ட்டில் கோப்புக்கு எடுக்கப்பட்ட அன்றைக்கு முடிந்தது. மூன்று பேரும் எழுந்து போன பிறகு, நீதிமன்றம் மட்டும் அந்த வழக்கை இன்னும் சில ஆண்டுகள் நடத்திக்கொண்டிருக்கும். இன்று நான் பேசப்போவது அந்த மிச்ச ஆண்டுகளைப் பற்றி.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், நம் ஊரில் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியதுதான். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வந்த ஒரு அம்மா. பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள். பின்னால் இருப்பவன் இறங்கி, ஒரு முகவரி கேட்கிறான். அவர் நிமிர்ந்த நொடியில் கழுத்தில் கை. ஐந்து சவரன் தாலிச் சங்கிலி. அவர் இழுத்துப் பிடிக்கிறார், விழுகிறார், முழங்கையில் சிராய்ப்பு. பைக் போய்விட்டது. நடந்ததெல்லாம் அரை நிமிடம்.

இந்த அரை நிமிடத்துக்குச் சட்டம் என்ன பெயர் வைக்கிறது என்பதில்தான் வழக்கின் பாதித் தலைவிதி இருக்கிறது. எடுத்தது மட்டும் என்றால் திருட்டு. எடுப்பதற்காக அடித்தாலோ, காயப்படுத்தினாலோ, உடனே ஏதாவது செய்துவிடுவான் என்ற அச்சத்தை உண்டாக்கினாலோ அது கொள்ளைக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 392. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 309. தண்டனை பத்தாண்டு வரை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் பதினான்கு ஆண்டு வரை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் அது கூட்டுக் கொள்ளை. அது வேறு கதை, இன்று வேண்டாம்.

புதிய சட்டம் இன்னொன்றும் செய்திருக்கிறது. பிரிவு 304 என்று ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்து, திடீரென்றோ வேகமாகவோ பலவந்தமாகவோ பிடுங்குவதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. தண்டனை மூன்றாண்டு வரை. ஆக, நம் அம்மாவின் சங்கிலி 304-இலும் அடங்கும், 309-இலும் அடங்கும். ஒன்று மூன்றாண்டு, மற்றது பத்தாண்டு. வித்தியாசம் அந்த முழங்கைச் சிராய்ப்பில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் காயச் சான்றிதழ் வாங்கினாரா, புகாரில் ‘இழுத்தான், விழுந்தேன்’ என்று எழுதினாரா என்பதில் இருக்கிறது. பலர் ‘சின்னக் காயம்தானே’ என்று வீட்டில் மஞ்சள் வைத்துக்கொள்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த மஞ்சளைவிடப் பெரிய உதவி கிடையாது. இதை எதிர்த்தரப்பு வக்கீலாகவும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. சட்டப் புத்தகத்தில் பத்தாண்டு என்று இருக்கிறது. ஆனால் இந்த வழக்கை விசாரிக்கும் நீதித்துறை நடுவருக்கு மூன்றாண்டுக்கு மேல் தண்டனை விதிக்க அதிகாரம் இல்லை. அதற்கு மேல் தேவை என்று நினைத்தால் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம். அவரால் ஏழாண்டு வரை போக முடியும். அப்படி அனுப்பி நான் பார்த்தது அபூர்வம். எனவே செய்தித்தாளில் ‘பத்தாண்டு சிறைத் தண்டனைக்குரிய குற்றம்’ என்று படிக்கும்போது, நடைமுறையில் அது மூன்றுக்குள் அடங்கும் விவகாரம் என்று புரிந்துகொள்ளுங்கள். கத்தி போன்ற ஆயுதத்தைப் பயன்படுத்தியிருந்தால் நிலைமை மாறும். பழைய 397, இன்றைய 311. குறைந்தபட்சமே ஏழாண்டு. அது அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். கத்தியால் குத்த வேண்டும் என்பதில்லை. பயப்படும்படி கையில் பிடித்து நின்றாலே பயன்படுத்தியதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொல்லிவிட்டது.

கத்தி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் நீதிமன்றங்களில் வழிப்பறி வழக்குகள் இரண்டு சாதி. ஒன்று, சங்கிலி வழக்கு. மற்றொன்றை நாங்கள் எங்களுக்குள் ‘சட்டைப்பை கேஸ்’ என்போம். டாஸ்மாக் கடைப் பக்கமோ பேருந்து நிலையப் பக்கமோ ஒருவர் நடந்து போகிறார். எதிரில் வந்தவன் கத்தியைக் காட்டி, சட்டைப் பையிலிருந்த ஐந்நூறு ரூபாயைப் பிடுங்குகிறான். பொதுமக்கள் கூடுகிறார்கள், அவன் கத்தியை வீசிப் பயமுறுத்துகிறான், கடைகளை அவசர அவசரமாக மூடுகிறார்கள். இது உண்மையாகவும் நடக்கும். ஆனால் ஒரே வாசகம் பெயர் மட்டும் மாறி வழக்குக்கு வழக்கு வரும்போது, இது குண்டர் சட்டத்துக்கு அடித்தளம் போடும் வழக்கு என்று எதிர்த்தரப்பு வாதிடும். 1982-இன் தமிழ்நாடு 14-ஆவது சட்டம். பன்னிரண்டு மாதம் வரை விசாரணையில்லாமல் தடுத்து வைக்கலாம். அந்தத் தடுப்புக் காவல் உத்தரவு உயர் நீதிமன்றத்தில் ரத்தாகும் அல்லது காலம் முடியும். அதற்கடுத்து, அந்த ஐந்நூறு ரூபாய் வழக்கைப் பற்றி யாருக்கும் அக்கறை இருக்காது. அது வாய்தா பட்டியலில் தூங்கும்.

சங்கிலி வழக்குக்குத் திரும்புவோம்.

அந்த அம்மா காவல் நிலையத்துக்குப் போகிறார். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரைப் படித்தாலே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்தே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனாலும் முதலில் கையில் கிடைப்பது பல இடங்களில் மனு ரசீதுதான். ரசீதும் எஃப்.ஐ.ஆரும் ஒன்றல்ல. ரசீதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் எதுவும் நகராது. பல வழக்குகள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. வேறு சில, எஃப்.ஐ.ஆர் வரை போய், ‘கண்டுபிடிக்க முடியாதது’ என்று முடித்துவைக்கப்படுகின்றன. அதற்கு ஒரு அறிவிப்பு வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வதோடு விட வேண்டாம். ஆட்சேபம் இருந்தால் நடுவர் முன் மனுப் போடலாம். போடுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கண்டுபிடிக்கப்பட்ட வழக்குகள் எப்படிக் கண்டுபிடிக்கப்படுகின்றன? குற்றப்பத்திரிகையைப் படித்தால் ஒரே மாதிரி இருக்கும். ஆய்வாளர் வாகனத் தணிக்கையில் ஈடுபட்டிருந்தபோது, நம்பர் பிளேட் இல்லாத இரு சக்கர வாகனத்தில் வந்த இருவர் போலீசாரைக் கண்டதும் வண்டியைத் திருப்ப முயன்றார்கள். பிடித்து விசாரித்ததில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார்கள். பிறகு தாமாக முன்வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். நானும் எத்தனையோ கட்டுகளில் இதைப் படித்துவிட்டேன். தமிழ்நாட்டுத் திருடர்கள் எல்லோரும் போலீசைப் பார்த்தால் வண்டியைத் திருப்புகிறார்கள். நேராக ஓட்டிப் போகிற திருடன் ஒருவனாவது சிக்கியதாக எந்தக் கட்டிலும் காணோம்.

அந்த வாக்குமூலம் பத்துப் பக்கம் இருக்கும். பிறந்த ஊர், படித்த வகுப்பு, கெட்ட சகவாசம், எந்தெந்தத் தெருவில் எத்தனை சங்கிலி என்று எல்லாம் இருக்கும். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் என்பதால் அதில் ஒரு வரியைத் தவிர மற்றது எதுவும் சாட்சியம் ஆகாது. அந்த ஒரு வரி கடைசியில் வரும். ‘என்னை அழைத்துச் சென்றால் நகையை அடகு வைத்த கடையை அடையாளம் காட்டுகிறேன்’ என்ற வரி. பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 27. அந்தப் பிரிவுக்கு எவ்வளவு அகலம் என்பதை 1946-இல் புலுக்குரி கோட்டையா வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்மானித்தது. இன்றும் அதுதான் அளவுகோல். வழிப்பறி வழக்கு என்னும் கட்டடம் முழுவதும் அந்த ஒற்றை வரியின் மேல்தான் நிற்கிறது. அதற்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போடுபவர் யார்? கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும். பாவம், அவர்கள் வேலை நிலவரி வசூலிப்பது, சான்றிதழுக்குப் பரிந்துரைப்பது. வழக்கு விசாரணைக்கு வரும்போது வி.ஏ.ஓ. வேறு வட்டத்துக்கு மாறிப் போயிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். கையெழுத்தைப் பார்த்து ‘என்னுடையதுதான்’ என்பார். எங்கே போட்டீர்கள், கடையிலா, ஸ்டேஷனிலா என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் சற்று யோசிப்பார். அந்த யோசனையில் வழக்கு ஆட்டம் காணும்.

சரி, நகைக்கு வருவோம். இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

போலீஸ் அடகுக் கடைக்கோ நகைக் கடைக்கோ போகிறது. அதிர்ஷ்டமிருந்தால் சங்கிலி சங்கிலியாகவே கிடைக்கும். இல்லையென்றால் உருக்கிய கட்டி. ஐந்து சவரன் புகார், மூன்றரை சவரன் கட்டி. ஒரே கட்டியில் இரண்டு மூன்று வழக்குகளின் தங்கம் கலந்திருப்பதும் உண்டு. கடைக்காரர் ‘தெரியாமல் வாங்கினேன்’ என்பார். சிலர் உண்மையிலேயே தெரியாமல் வாங்கியவர்கள். திருட்டுப் பொருள் வாங்கிய வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் தங்கள் பெட்டியிலிருந்தே தங்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டதாகச் சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. திருட்டு நகையை அடகு பிடித்தவருக்கு அந்த நகைமேல் உரிமை வந்துவிடாது. கொடுத்த பணத்தை அடகு வைத்தவனிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கைப்பற்றிய நகை படிவம் 95 என்ற தாளோடு நீதிமன்றத்துக்கு வரும். சொத்துப் பதிவேட்டில் ஒரு எண் விழும். துணிப்பையில் கட்டி அரக்கு முத்திரை வைத்து உள்ளே போகும். அங்கிருந்து அதை வெளியே எடுக்க அந்த அம்மா மனுப் போட வேண்டும். எவ்வளவு காலம் நகை உள்ளே கிடக்கலாம்? 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. போட்டோ எடுத்துக்கொள், மகஜர் எழுதிக்கொள், பத்திரம் வாங்கிக்கொள், உரியவரிடம் கொடு. பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதே. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 497 இதையே சட்டமாக்கி, பதினான்கு நாளில் பொருளின் விவரப் பட்டியல், அதிலிருந்து முப்பது நாளில் உத்தரவு என்று கெடு வைத்திருக்கிறது. போட்டோவையும் வீடியோவையுமே விசாரணையில் சாட்சியமாகப் பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது.

இந்த மனு விசாரணை நாளில் நீதிமன்றத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள். வழிப்பறி வழக்கின் உண்மையான கட்டம் அதுதான். அந்த அம்மா, அவருடைய கணவர், மகள், சில சமயம் மாமியார் என எல்லோரும் வந்திருப்பார்கள். கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கழுத்தில் அதே சங்கிலி இருக்கிறது என்று காட்ட. ரசீது பெரும்பாலும் இருக்காது. அம்மா வீட்டில் போட்ட நகைக்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்? பை பிரிக்கப்படும். தாலி தனியாக, குண்டுமணி தனியாக, அறுந்த சங்கிலி தனியாக. அவர் அடையாளம் சொல்வார். கொக்கிப் பக்கம் ஒரு பற்றவைப்பு இருக்கும், குழந்தை இழுத்து அறுந்தது என்பார். அப்போது அவர் நினைவு அவ்வளவு கூர்மையாக இருக்கிறது. பறித்தவனின் முகம், சட்டையின் நிறம், அவன் கேட்ட முகவரி என எதைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. அன்றைய மனு நகைக்கு மட்டும்தான். பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும். ஜாமீன்தாரர் ஒருவரும் தேவைப்படலாம். நகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். அவரைப் பொறுத்தவரை வழக்கு அந்தப் படிக்கட்டில் முடிந்துவிட்டது.

பிறகு அவருக்குச் சம்மன் வரும்போது ஆண்டுகள் ஓடியிருக்கும். இதற்கிடையில் எதிரி என்ன ஆனான் என்று பார்க்கலாம்.

கைதானவன் ஒரு வழக்கில் மட்டும் கைதாவதில்லை. வாக்குமூலத்தில் எட்டுச் சங்கிலி என்றால் எட்டு வழக்கு. நான்கு நீதிமன்றங்களில் இருக்கும். சிறையில் இருப்பவனை மற்ற வழக்குகளிலும் முறைப்படி கைது காட்ட வேண்டும், பி.டி. வாரண்ட் போட்டு அழைத்து வர வேண்டும். கைது காட்டச் சொல்லி எதிரி தரப்பே அவசரப்படும் என்பதைக் கேட்டால் உங்களுக்கு விநோதமாக இருக்கும். காரணம் எளிது. எந்த வழக்கில் காவலில் இருந்தானோ அந்த வழக்கின் தண்டனையில்தான் அந்த நாட்கள் கழியும். ஏழாவது வழக்கில் கைது காட்ட மறந்துவிட்டால், வெளியே போகும் நாளில் சிறை வாசலிலேயே மறுபடி பிடிப்பார்கள். சட்டம் படிக்காத கைதிக்கு இந்தக் கணக்கு நம்மில் பலரைவிட நன்றாகத் தெரியும்.

ஜாமீன் பற்றிச் சுருக்கமாக. சாதாரணக் கொள்ளைப் பிரிவில், அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் உரிமையாகிவிடும் என்று பழைய நடைமுறைச் சட்டத்தின்கீழ் 2017-இல் ராகேஷ்குமார் பால் வழக்கின் தீர்ப்பிலிருந்து வந்தது. உத்தரவு கிடைத்தாலும் இரண்டு பிணையாளர் வேண்டும். எட்டு வழக்கென்றால் எட்டுக்கும் வேண்டும். உத்தரவு கையில் இருந்தும் பிணையாளர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களுக்காகத்தான், ஏழு நாளில் வெளியே போகாதவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புதிய சட்டம், முதல்முறைக் குற்றவாளி என்றால் உச்ச தண்டனையின் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்தால் விட்டுவிடச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவனுக்கு அது பொருந்தாது என்று அடுத்த உட்பிரிவிலேயே கதவைச் சாத்திவிட்டது. வழிப்பறியில் ஒற்றை வழக்கோடு வருபவன் யார்?

வெளியே வந்தவர்களில் சிலர் வாய்தாவுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். பிடியாணை போகும், திரும்பும். இரண்டு எதிரிகளில் ஒருவன் தலைமறைவு என்றால் வழக்கைப் பிரித்து, இருப்பவனை மட்டும் விசாரிப்பார்கள். பிரிந்த பாதி நீண்டகால நிலுவைப் பட்டியலுக்குப் போகும். அதுவும் ஒரு வகை முடிவுதான், தீர்ப்பு இல்லாத முடிவு.

விசாரணை தொடங்கும் வழக்குகளில் முதல் கேள்வி அடையாளம். இதற்காகச் சிறைக்குள்ளேயே அடையாள அணிவகுப்பு நடக்கும். ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள பலரோடு எதிரியை நிறுத்தி, ஒரு நீதித்துறை நடுவர் முன்னிலையில் சாட்சி அடையாளம் காட்ட வேண்டும். அதுவரை சாட்சி அவனைப் பார்த்திருக்கக் கூடாது. ஆனால் கைதான மறுநாளே என்ன நடக்கிறது? மேசையில் சிவப்புத் துணி விரித்து, நகைகளை வரிசையாக அடுக்கி, பின்னால் எதிரிகளை நிறுத்தி ஒரு போட்டோ. செய்தித்தாளில் வரும், வாட்ஸ்அப்பில் தெரு முழுக்கச் சுற்றும். நம் அம்மாவின் மகனே அதைக் காட்டி ‘இவனாம்மா?’ என்று கேட்டிருப்பான். அணிவகுப்பு அன்றே செத்தது. குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வி போதும்: ‘பேப்பரில் போட்டோ பார்த்தீர்கள்தானே?’ அந்த அம்மா பொய் சொல்லத் தெரியாதவர், ‘பார்த்தேன்’ என்பார். இந்தச் சிவப்புத் துணிப் படத்தை நிறுத்தினால் மட்டுமே பல வழக்குகள் பிழைக்கும் என்பது என் கருத்து. காவல்துறை நண்பர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேமரா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆனால் பதிவை நகலெடுத்துக் கொடுக்கும்போது அதற்குரிய சான்றிதழ் வேண்டும் என்று 2014-இல் அன்வர் வழக்கிலும், 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லியிருக்கிறது. மளிகைக் கடைக் கேமராவின் பதிவை பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் சான்றிதழ் வாங்காமல் வந்துவிட்டால், உலகமே பார்த்த காட்சியை நீதிமன்றம் மட்டும் பார்க்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இதை வாங்க ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதுமாக இருந்தது.

பிறகு அந்த நாள் வருகிறது. அ.சா. 1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி என்று டவாலி கூப்பிடுகிறார். அந்த அம்மா கூண்டில் ஏறுகிறார். சங்கிலி கழுத்தில் இருக்கிறது. மகள் கல்யாணமாகிப் போயிருப்பாள். அரசுத் தரப்பில் உதவி வழக்கு நடத்துநர் கேட்கிறார்: ‘கூண்டில் நிற்கும் எதிரிகளைத் தெரிகிறதா?’ எதிரி முடி வெட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறோடு நிற்கிறான். அம்மா பார்க்கிறார். அன்றைக்கு ஹெல்மெட் போட்டிருந்தானா, இல்லையா? ‘சரியா ஞாபகம் இல்லைங்க ஐயா’ என்கிறார். சில வழக்குகளில் உண்மையாகவே ஞாபகம் இருக்காது. சில வழக்குகளில் ஞாபகம் இருக்கும், ஆனால் எதிரியின் அம்மா முந்தின வாரம் வீட்டு வாசலில் வந்து அழுதிருப்பாள். அல்லது வேறு யாராவது வேறு விதமாக வந்திருப்பார்கள். ‘நகைதான் கிடைச்சுடுச்சே, எதுக்கும்மா வம்பு’ என்று வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். பிறழ் சாட்சி என்று அறிவிப்பார்கள். அவரைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். பல ஆண்டுகளாக அந்த வழக்கைப் பற்றி ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்தது விடுதலை. சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை.

எல்லா வழக்கும் இப்படியா என்றால், இல்லை. தெருக்காரர்களே துரத்திப் பிடித்த வழக்குகளில் தண்டனை வரும். பறித்த சில நாட்களுக்குள், அதே சங்கிலி, உருக்காமல், எதிரியின் கையிலேயே கிடைத்தால், அவன்தான் திருடன் அல்லது தெரிந்தே வாங்கியவன் என்று அனுமானிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படிப்பட்ட வழக்கில் கொள்ளைப் பிரிவு நிற்காவிட்டாலும், திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றத்துக்காவது தண்டிக்கலாம்.

சமரசமாகப் போகலாமே என்று கட்சிக்காரர்கள் கேட்பதுண்டு. திருட்டு வழக்கில் பொருளுக்குரியவர் சமரசம் செய்துகொள்ளலாம். கொள்ளை வழக்கில் முடியாது. 2006-இல் வந்த தண்டனை பேர முறையும், ஏழாண்டுக்கு மேல் தண்டனையுள்ள குற்றம் என்பதால் இங்கே பொருந்தாது. முன்வாசல் இரண்டும் மூடியிருப்பதால், பக்கவாசல் ஒன்று திறந்திருக்கிறது. அதுதான் குற்ற ஒப்புதல்.

எதிரி உள்ளேயே இருக்கிறான். எட்டு வழக்கு. ஒரே நீதிமன்றத்தில் மூன்று. காவலில் இருந்த நாட்கள் ஒன்றரை ஆண்டைத் தொட்டுவிட்டன. ஒரு காலையில் அவன் வக்கீல் எழுந்து, எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்கிறான் என்கிறார். நடுவர் அவனிடம் நேரடியாகக் கேட்கிறார், விளைவு தெரியுமா, யாராவது வற்புறுத்தினார்களா என்று. ஏழைக் குடும்பம், வயதான தாய், இனி செய்யமாட்டேன். மூன்று வழக்கிலும் தண்டனை, ஏககாலத்தில் அனுபவிக்கலாம், இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். சில நிமிடங்களில் மூன்று வழக்குகள் முடிகின்றன. ஏககாலம் என்ற சொல்லைக் கேட்டு வாங்காவிட்டால் ஒன்று முடிந்து மற்றொன்று என்று ஓடும். அதனால்தான் வக்கீல்கள் அந்தச் சொல்லுக்காகத் தவம் கிடப்பார்கள். உண்மையிலேயே செய்தவனுக்கு இது லாபம். செய்யாத எட்டாவது வழக்கையும் சேர்த்து ஒப்புக்கொண்டு வெளியேறுபவனுக்கு? அவனுக்கும் அன்றைக்கு அது லாபமாகத்தான் தெரியும். அடுத்த முறை கைதாகும்போது முந்தைய தண்டனை என்று அது அவன் தலையில் ஏறும். எனக்கு இந்த வேலையில் மிகவும் உறுத்துவது இந்த எட்டாவது வழக்குதான்.

என்ன செய்யலாம்? நான் ஒன்றே ஒன்று சொல்வேன். நகையைத் திருப்பிக் கொடுக்கும் அந்த நாளை வீணாக்கக் கூடாது. சாட்சி வந்திருக்கிறார், நினைவு பசுமையாக இருக்கிறது, நடுவர் இருக்கிறார். நடுவர் முன் வாக்குமூலம் பதிவுசெய்ய நடைமுறைச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது; பழைய 164, புதிய 183. அது மட்டுமே தண்டிக்கப் போதாது, குறுக்கு விசாரணை நடக்காத வாக்குமூலம் அது, தெரியும். ஆனால் பின்னால் கூண்டில் ஏறும்போது அவர் நினைவுக்கு அது துணை. யாராவது மிரட்டிப் புரட்டப் பார்த்தால் அதற்கு ஒரு தடை. தவறான ஆளைப் பிடித்திருந்தால் அதுவும் அன்றைக்கே தெரியவரும்; எதிரித் தரப்புக்கும் நல்லதுதான். அதைவிட நல்லது, குற்றச்சாட்டு வனைந்தவுடன் முதலில் அவரை விசாரித்து முடித்துவிடுவது. வி.ஏ.ஓ.வும் ஆய்வாளரும் பிறகு வரட்டும்; அவர்களிடம் எழுத்து இருக்கிறது. அந்த அம்மாவிடம் இருப்பது நினைவு மட்டும்.

இனி உங்களுக்கு. வீட்டு நகைகளை இன்றைக்கே ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். கொக்கியும் பற்றவைப்பும் தெரியும்படி எடுங்கள். பறிபோனால், மனு ரசீதோடு திரும்பாமல் எஃப்.ஐ.ஆர் நகலைக் கேளுங்கள். அது இலவசம், உங்கள் உரிமை. காயம் சிறிதானாலும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நகை மனுவுக்கு வக்கீல் வைக்க வசதியில்லையென்றால், பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு; நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். சில ஆண்டுகள் கழித்து ஒரு காவலர் வீட்டுக் கதவைத் தட்டிச் சம்மன் நீட்டினால், ‘நகைதான் வந்துவிட்டதே’ என்று சொல்லாதீர்கள். உங்கள் புகார் நகலை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். திரும்பும்போது சாட்சிப் படியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.